உள்ளங்கையார் கண்ட ஒட்டகம்

கதையைப் படித்துப் பார்ப்பது ஒரு காலத்தில் இருந்த கெட்ட பழக்கம். கண் வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், சமயத்தில் யோசிக்கக்கூட வேண்டிவரும். இந்த அவதியிலிருந்து சினிமாக்காரர்களை மீட்பதற்கென்றே வந்து சேர்ந்தவர் உள்ளங்கையார்.

அவர் செய்வது ரொம்பச் சுலபம். எழுதிக் கட்டிய திரைக்கதையை மூடியபடியே அவர் முன்னால் வைக்க வேண்டும். அட்டையைத் திறக்கக் கூடாது. அவர் வலது உள்ளங்கையை அதன்மேல் வைப்பார், கண்ணை மூடுவார், மூச்சை இழுப்பார். பிறகு உள்ளே இருக்கும் கதையை மளமளவென்று சொல்லிவிடுவார். படம் ஓடுமா ஓடாதா என்பதையும் சேர்த்தே சொல்வார். ஓடிவிட்டால் அது ஐயாவின் கை. ஓடாவிட்டால் டைரக்டரின் தலை. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது அவர் எப்படித் தோற்பார்?

ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். காலையிலிருந்தே படிக்கட்டு முழுக்கக் கூட்டம். எல்லோர் மடியிலும் கைக்குழந்தை மாதிரி ஒரு திரைக்கதை. பல்வலிக்காரர்கள் இந்தக் கும்பலைத் தாண்ட முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

"ஐயா கை பட்டா சொத்தைக் கதைகூடத் தேறிடும்யா" என்றார் படியில் உட்கார்ந்திருந்த ஒருவர். கீழே நின்ற பல்வலிக்காரர் ஒருவருக்கு அதைக் கேட்டதும் தானும் மேலேயே போய்விடலாமா என்று ஆசை வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில்தான் கிளாப்பும் இருந்தான். பல வருஷமாக உதவி இயக்குநராக இருந்து, கேமராவுக்கு முன்னால் கிளாப் கட்டையைத் தட்டித் தட்டியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் வைத்த பெயர் அவனுக்கே மறந்துபோகிற நிலையில்தான் ஒரு கதை எழுதி முடித்தான். தயாரிப்பாளர் ஒருவர், ஊரே முதலாளி என்று கூப்பிடுகிறவர், அவனை உட்காரவைத்துப் பேசினார். உட்காரவைத்ததே பெரிய விஷயம்.

"கதையைச் சொல்லட்டுமா சார்?"

"எனக்கு எதுக்கு தம்பி? ஐயாகிட்ட கொண்டு போ. நானும் வரேன். அவர் கை சரின்னு சொல்லிட்டா நீதான் டைரக்டர்."

காத்திருக்கும் கூடத்தில் பெரிதாக ஒரு போர்டு: 'உங்கள் கதையை ஐயாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் சக்தி கலையும்.' கிளாப் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் உஷார் ஆள். கதையை யாரிடமும் உளறாதே, திருடிவிடுவார்கள் என்று ஜூனியர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவன்.

பக்கத்து நாற்காலியில் தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலும் ஒரு திரைக்கதை.

"குடும்பக் கதையா தம்பி?" என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். சினிமாவில் கதை வைத்திருப்பவனிடம் யாரும் கதை கேட்பதில்லை. கேட்கிற ஒருவர் கிடைத்தால் மடை திறந்த வெள்ளம்தான். கிளாப் முழுக் கதையையும் கொட்டினான். ஒரு மின்சார ஆபீஸ். அதில் போனில் புகார் வாங்குகிற ஒரு குமாஸ்தா. தினமும் ஒரு பெண் கூப்பிட்டு, வீட்டில் வெளிச்சமே இல்லை என்று புகார் சொல்கிறாள். அவன் பொறுமையாகக் கேட்கிறான், ஆறுதல் சொல்கிறான். கடைசியில் பார்த்தால் வேறு பெயரில் பேசுவது அவன் பெண்டாட்டியேதான்.

தாடிக்காரர் கைக்குட்டையைப் பல்லில் கடித்தார். இடது மார்பில் தடதடவென்று குத்திக்கொண்டார். "என்னைக் கொன்னுட்டீங்களே தம்பி" என்று விம்மியபடி முகம் கழுவ எழுந்து உள்ளே போனார். கிளாப்புக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கதை கேட்டு ஒரு மனிதன் அழுது அவன் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்துசேர, இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளங்கையார் கிளாப்பின் கதைக்குப் போட்டிருந்த நீல அட்டையின்மேல் கை வைத்தார்.

"போன் மணி கேக்குது... புகார், ஒரே புகார்... ஒரு பொம்பளைக் குரல்... அட, அவன் பொண்டாட்டி!"

முதலாளி வாயைப் பிளந்தார். கிளாப் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கதை தங்கம்" என்றார் உள்ளங்கையார். "எழுதின கைதான் சரியில்ல. கட்டையைத் தட்டித் தட்டி ராசியெல்லாம் உதிர்ந்துபோச்சு. இந்தக் கை படம் எடுத்தா பெட்டியைவிட்டு வெளிய வராது."

"அப்ப யாரை டைரக்டராப் போடறது ஐயா?" என்று முதலாளி பதறினார்.

கண் மறுபடி மூடியது. "தெரியுது... சுருட்டை முடி... கட்டை மீசை... அடடே, நம்ம மச்சான் மாதிரியே இருக்கே!" என்று அவரே ஆச்சரியப்பட்டார். சுருட்டை முடியும் கட்டை மீசையுமாகக் கதவோரம் நின்ற மச்சான் அடக்கமாகத் தலைகுனிந்தார். அடுத்த வாரம் அதே இடத்தில் மச்சானை டைரக்டராகப் போட்டுக் கையெழுத்துப் போடுவதாக முடிவானது.

வீட்டுக்கு வந்த கிளாப் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி எடிட்டர். வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டரை வைத்துப் படங்களை வெட்டி ஒட்டுகிறவள்.

"ராசியில்லாத கையாம்" என்றான் குரல் கம்மி. அழுகை வந்துவிட்டது.

"அந்தக் கையாலதான் தினமும் பாத்திரம் கழுவுறீங்க. ஒரு தட்டுகூட உடைஞ்சதில்லையே?"

"உனக்கு எல்லாம் கிண்டல்தான். தொட்டுப் பாத்தே கதையைச் சொல்லிட்டாரு. உன்னைத் தவிர அது யாருக்குமே தெரியாது."

"யாருக்குமே?"

"யாருக்குமே. பக்கத்துல இருந்த ஒருத்தருக்குச் சொன்னேன், அது கணக்குல வராது. அவரும் நம்மள மாதிரி வாய்ப்பு தேடுறவரு. பாவம், கேட்டுட்டு ஒரே அழுகை."

எடிட்டர் நாற்காலியோடு திரும்பினாள். "எப்படி அழுதாரு? செஞ்சு காட்டுங்க."

கிளாப் கைக்குட்டையைப் பல்லில் கடித்தான், இடது மார்பில் தடதடவென்று குத்திக் காட்டினான். அவள் ஒரு படத்தின் சாவுக் காட்சியைத் திரையில் ஓடவிட்டாள். பின்வரிசையில் ஒரு தாடி. பல்லில் கைக்குட்டை, மார்பில் குத்து.

"ஜூனியர் ஆர்டிஸ்ட். நான் எடிட் பண்ண எல்லாச் சாவுக்கும் இவர்தான் அழுதிருக்காரு. செத்தது யாருன்னு கேட்டா தெரியாது."

"அட! நடிச்சுக்கிட்டே கதையும் எழுதறாரா! உழைப்பாளிதான்" என்றான் கிளாப் மனம் நெகிழ்ந்து.

எடிட்டர் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, தாடிக்காரர் முகம் கழுவ எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாள். ஐயாவின் அறைப் பக்கம்தான் என்று சொல்லும்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. ஐயாவைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அவள் சொன்னதும் பயம் வந்தது.

"சோதிச்சுப் பாத்து அவர் கோவிச்சுக்கிட்டா, இருக்கிற படமும் போயிடுமே?"

"இருக்கிற படம் மச்சான் கைக்குப் போயாச்சு. இனி போறதுக்கு என்ன இருக்கு உங்ககிட்ட?"

நீல அட்டையைப் பிய்த்து அதே தாள்களுக்குச் சிவப்பு அட்டை போட்டாள். மேலே 'பாலைவனத் தாய்' என்று எழுதினாள். புதுக் கதை ஒன்று இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஐயா அதையும் தொட்டுப் பார்க்கட்டும் என்று முதலாளிக்குப் போன் செய்தாள். ஒன்றுக்கு இரண்டு கதை கிடைக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம்.

குறித்த நாளில் கிளாப் சிவப்பு அட்டையோடு கூடத்தில் உட்கார்ந்தான். தாடிக்காரர் பக்கத்தில் வந்தமர்ந்து, "நம்ம கதை எல்லாம் தேறாது போல தம்பி. புதுசா எழுதினீங்களோ?" என்றார் பரிவோடு. கிளாப்புக்குப் பொய் வராது. ஆனால் கதை வரும். ஒட்டகம் வளர்க்கிற ஒரு டாக்டரம்மா, காணாமல் போன அவளுடைய இரட்டைப் பிள்ளைகள், கடைசியில் கோர்ட்டுக்கு வந்து பிள்ளைகளை அடையாளம் காட்டும் ஒட்டகம். சொல்லச் சொல்ல அவனுக்கே கண் கலங்கியது. தாடிக்காரர் கைக்குட்டையைக் கடித்தார், குத்தினார், முகம் கழுவப் போனார்.

இந்த முறை முதலாளியோடு எடிட்டரும் உள்ளே வந்தாள். "எல்லாரும் பாக்கட்டுமே" என்று கதவைத் திறந்தே வைத்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளங்கையாருக்குக் கூட்டம் கசக்குமா? கம்பீரமாகக் கை வைத்தார்.

"மணல்... ஒரே மணல்... ஒரு தாய் தவிக்கிறா... ரெட்டைப் புள்ளைங்க... ஆ! ஒட்டகம்! ஒட்டகம் கோர்ட்டுக்கு வருது!"

வாசலில் கைதட்டல். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எடிட்டர் அட்டையைத் திறந்து முதல் தாளை அவரிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் சத்தமாப் படிங்க சார்."

"மின்சார ஆபீஸ். புகார் பிரிவு. பகல். போன் மணி அடிக்கிறது..." முதலாளி நிறுத்தினார். தாளைப் புரட்டினார். "இது போன வாரக் கதையாச்சே! ஒட்டகம் எங்கம்மா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். தாள் அதே தாள். அட்டை மட்டும்தான் வேற. போன வாரம் போன் மணி கேட்ட கைக்கு இந்த வாரம் ஒட்டகம் எப்படித் தெரிஞ்சுது?"

உள்ளங்கையார் திருதிருவென்று விழித்தார். கூட்டம் அவரைக் கைவிடவில்லை. "அது குறியீடுய்யா!" என்று வாசலிலிருந்து ஒரு குரல். "ஒட்டகம்னா பொறுமை. குமாஸ்தாவோட பொறுமையை ஐயா சொல்றாரு!" பலர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். உள்ளங்கையாரும் சட்டென்று பிடித்துக்கொண்டு, "அதே!" என்றார்.

மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை. பின்கதவைத் திறந்து, "ஒழுங்காக் கேட்டுட்டு வரத் தெரியாதாய்யா உனக்கு?" என்று சீறினார்.

உள்ளேயிருந்து தாடிக்காரர் ரோஷத்தோடு வெளியே வந்தார். தொழிலைக் குறை சொன்னால் எந்தக் கலைஞனுக்குத்தான் தாங்கும்? "என்னை ஏன் திட்டறீங்க? தம்பி ஒட்டகம்னுதான் சொன்னாரு. நானும் ஐயாகிட்ட ஒட்டகம்னுதான் சொன்னேன். ஒரு வார்த்தை முன்னபின்ன இல்ல. வேணும்னா தம்பியையே கேளுங்க!"

குறியீடு பேசிய குரல் அடங்கிவிட்டது. படிக்கட்டில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எனக்கும் இவர்தான்யா அழுதாரு" என்றார் ஒருவர். "எனக்கும்" என்றார் இன்னொருவர். "எனக்கு ரெண்டு தடவை" என்றார் மூன்றாமவர் வெட்கத்தோடு. அவர்கள் குரல் ஏறுவதற்குள் உள்ளங்கையாரும் மச்சானும் பின்கதவு வழியாக நழுவியிருந்தார்கள்.

முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இந்த ஆளை நம்பித்தானே இத்தனை படம் எடுத்தேன். இனிமே ஒரு கதை நல்லா இருக்கா இல்லையான்னு நான் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"படிச்சுப் பாக்கலாம் சார்" என்றான் கிளாப்.

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு வழி இருப்பதை அவரிடம் யாருமே சொன்னதில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி படிக்க ஆரம்பித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் முகம் சுளித்தார்.

"ஏன் தம்பி, இந்தப் பொண்டாட்டி எதுக்கு வேற பேர்ல கூப்பிடணும்? வீட்ல நேராச் சொல்ல வேண்டியதுதானே?"

"வீட்ல சொன்னா யாரு சார் கேக்கறாங்க?" என்றாள் எடிட்டர்.

முதலாளி அந்தத் தாளை மறுபடி படித்தார். பிறகு தாளை ஒதுக்கி வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்தார். "முழுசாப் படிக்கிறேன். பிடிச்சிருந்தா நீதான் டைரக்டர். பிடிக்கலன்னா ஏன் பிடிக்கலன்னு சொல்றேன். சரியா?"

இத்தனை வருஷத்தில் கிளாப்புக்குக் கிடைத்த மறுப்புகளில் ஒன்றுக்குக்கூட யாரும் காரணம் சொன்னதில்லை. பிடிக்கவில்லை என்றாலும் போதும், படித்துப் பார்த்த மனுஷனாச்சே என்று தலையாட்டினான்.

அவர்கள் இறங்கும்போது படிக்கட்டில் மறுபடி சலசலப்பு. நாலு தெரு தள்ளி ஒரு அம்மா இருக்கிறாராம், திரைக்கதையை மோந்து பார்த்தே வசூலைச் சொல்லிவிடுவாராம், அங்கே அழுகிற ஆள் யாரும் கிடையாதாம். பாதிக் கூட்டம் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது.

ஓடுங்கள், ராசாக்களே. ஓடிக் களைத்த பிறகாவது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தொட்டுப் பார்க்கக் கை இருக்கிறது, மோந்து பார்க்க மூக்கு இருக்கிறது, சரி. அதற்கெல்லாம் மேலே தலை என்று ஒன்றும் இருக்கிறது. அது டைரக்டர் தொப்பி மாட்டுவதற்கு மட்டும் அல்ல.