வெம்பாக்கம் போகாத வண்டி

ஆரணி பட்டு வியாபாரி ஜெகநாதன் ஞாயிற்றுக்கிழமை தூங்குவதற்கென்றே பிறந்தவர். மற்ற ஆறு நாளும் அதற்கு ஒத்திகை. அதனால்தான், வருகிற ஞாயிறு வெம்பாக்கத்தில் தன் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு என்று மனைவி அபிதகுசாம்பாள் திங்கட்கிழமை சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது. போவதென்றால் அவளுடைய நான்கு அத்தைகளையும் காரில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு அத்தையும் களம்பூர் மில்லுக்குப் போகும் நெல் மூட்டை.

"கார் போவாது அபிதா."

"ஏங்க?"

"ரேடியேட்டர் பூரா துரு. வழியிலயே கொதிச்சு நின்னுடும்."

இருபது வருஷத்து வண்டி. அவள் நம்ப வேண்டுமே என்று ரேடியேட்டருக்கு அடியில் இருந்த திருகைத் திறந்துவிட்டார். செங்கல்லைக் கரைத்த மாதிரி தண்ணீர் கொட்டியது. பொய் சொல்லப் போன இடத்தில் உண்மை அகப்பட்டதில் அவருக்கே பரம சந்தோஷம்.

"பாத்தியா? தெர்மாஸ்டாட்டும் போயிருக்கும்."

"தெர்மாஸ் பிளாஸ்க்கா? அது காருக்குள்ள எதுக்குங்க?"

"உனக்கு ரேடியேட்டரும் ஒண்ணுதான், ரேடியோவும் ஒண்ணுதான். விடு."

"மெக்கானிக் திருமலையைக் கூப்பிடட்டுமா?"

"அவனுக்கு ஒரு மாசத்துக்கு வேலை இருக்குது. பேஜார் பண்ணாத."

அபிதகுசாம்பாள் பேஜார் பண்ணவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சாம்பாரில் உப்புகூட அளவாகவே இருந்தது. ஜெகநாதன் தன் சாமர்த்தியத்தை மெச்சி இரண்டு முறை கண்ணாடி பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையிடம் அவள் மதிலோரம் பேசியது அவர் காதில் விழுந்தது. தெருவுக்கே விழுந்தது.

"இவரே ரிப்பேர் பண்ணிக்கலாமான்னு திருமலையைக் கேட்டேன்க்கா. அந்த ஆளு சிரிச்சுகினே கீறாரு."

"ஏன் சிரிக்கணும்?"

"ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே இவருக்குத் தெரியாதாம். துரு எடுக்கறதெல்லாம் ஆம்பளைங்க வேலையாம்."

அவ்வளவுதான். ரேடியேட்டர் கொதித்ததோ இல்லையோ, ஜெகநாதன் கொதித்தார்.

கடையைப் பூட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ரேடியேட்டரைக் கழற்றி, கீழ்வாயில் குழாயைச் சொருகித் தண்ணீரை மேல்நோக்கிப் பீய்ச்சினார். முதலில் செம்மண். அப்புறம் டீ. கடைசியில் பன்னீர். எஞ்சினுக்குள் கம்பி விட்டுக் குடைந்ததில் ஒரு படி துரு வந்தது. சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்க வேண்டிய தெர்மாஸ்டாட் துருவேறி, திறக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது; புதிது போட்டார். இற்றுப்போன ரப்பர் ஹோஸ்கள், ஒழுகிய வாட்டர் பம்பு, எல்லாம் புதிது. நான்கு விரல்களில் துணிக்கட்டு. மூக்கு நுனியில் கிரீஸ்.

சனிக்கிழமை சாயங்காலம் களம்பூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. தெருவில் இறங்கி, பாஞ்சாலைக்குக் கேட்கட்டும் என்று முழங்கினார்.

"அந்தத் திருமலையை வந்து பாக்கச் சொல்லுங்க! இந்த வண்டியில வெம்பாக்கம் என்ன, பம்பாய்க்கே போவலாம்!"

"பம்பாய் வேணாங்க" என்றாள் பின்னால் நின்ற அபிதகுசாம்பாள். "வெம்பாக்கம் போதும். காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும். அத்தைங்ககிட்ட சொல்லிட்டேன்."

ஜெகநாதன் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பொய்கூட மிச்சமில்லை.

மறுநாள் நான்கு அத்தைகள் ஏறியும் வண்டி கொதிக்கவில்லை. பாவி வண்டி, பெருமூச்சுகூட விடவில்லை. வெம்பாக்கத்தில் அபிதாவின் அண்ணன், மச்சான் மாணிக்கவேல் ஓடி வந்து கதவைத் திறந்தார். காபி தருவார் என்று பார்த்தால், கையைப் பிடித்து நேராகக் களத்துமேட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே மூடியைத் திறந்துகொண்டு ஒரு டிராக்டர் நின்றது. அதன் பின்னால் ஒரு லாரி, இரண்டு ஜீப். சொந்தக்காரர்கள் மரியாதையாக எழுந்து கும்பிட்டார்கள்.

"எல்லாமே கொதிக்குது மாப்ளே. துரு எடுக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லியாமே! அபிதா லெட்டர் போட்டிருந்தா."

"லெட்டர் எப்ப வந்துச்சு மச்சான்?"

"வியாழக்கிழமை."

ஜெகநாதன் ஸ்பேனரைத் தொட்டதே வெள்ளிக்கிழமைதான்.