ஒரு மரமாவது பிழைக்கட்டும்

இனி எளிமையாக வாழ்வது என்று வேதாசலம் முடிவு செய்தார். முடிவை மனைவியிடம் சொன்னார். அவள் "சரிங்க" என்றாள். அன்றைக்கே அவருக்குத் தூக்கம் போயிற்று.

காஞ்சனா எதற்கும் ஒரே பேச்சில் சரி என்று சொன்னவளே இல்லை. மழை பெய்கிறது என்றால்கூட வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

இத்தனைக்கும் அவர் அருமையாகத்தான் பேசியிருந்தார். வனமகோத்சவக் கூட்டத்தில் யாரோ ஒரு அதிகாரி முழங்கியதை அப்படியே எடுத்துவிட்டார்.

"நாம வாங்கிக் குவிக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் எங்கியோ ஒரு காடு அழியுதாம் காஞ்சனா. கட்டிலுன்னா மரம். அண்டான்னா மலையத் தோண்டிக்கினு வர்ற செம்பு. மனுசனுக்கு ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு போதும். மிச்சத்தைக் குடுத்துடலாம். நம்ம கட்டில எடுத்துக்கிறவன் புதுசா கட்டில் செய்ய மாட்டான் இல்லியா? ஒரு மரமாவது பொழைக்கட்டும்!"

காடு பிழைத்தால் அவருக்கும் சந்தோஷந்தான். ஆனால் அவர் பிழைக்க நினைத்தது ஆடிக் கிருத்திகையிலிருந்து. திருத்தணியில், அதுவும் மலையடிவாரத்தில், வீடு வைத்திருப்பவன் செய்த பாவம் அது. வருஷா வருஷம் பள்ளிப்பட்டிலிருந்து மச்சான் பரந்தாமன், காஞ்சனாவின் தம்பி, தறியை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு காவடி தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். மலைமேல் சாமிக்கு ஒரு நாள். கீழே இவர் வீட்டில் ஒரு வாரம். படுக்கப் பாயும் சமைக்க அண்டாவும் இல்லையென்றால் எவன் தங்குவான்?

இந்தக் கணக்கு தன் மனசுக்குள் மட்டும் இருப்பதாக அவர் நினைத்தார்.

"யாருக்குக் குடுப்பே?" என்று கேட்டார்.

"வேணுங்கறவங்களுக்கு."

"வேணுங்கறவங்கன்னா?"

"இல்லாதப்பட்டவங்க. புண்ணிய காரியத்தைப் போயி இப்படித் தோண்டித் துருவுவாங்களா?"

அவர் ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில் மாட்டுவண்டி வந்தது. பாய்கள் போயின. அண்டா, குண்டான், தவலை போயின. கட்டில் போயிற்று. கல்யாணத்தில் அவள் பிறந்த வீட்டில் கொடுத்த மரப்பெட்டியும் போயிற்று. அதற்கும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிறந்த வீட்டுப் பொருள் போய்க் கண்ணீர் விடாத பெண் உண்டா?

எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள், கிருத்திகை வந்ததும் வெளியே எடுப்பாள் என்று வேதாசலம் தீர்மானித்தார். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பரண்மேல் ஏறினார். ஒட்டடைதான் தலையில் ஒட்டியது. அதோடு அடுத்த வீட்டு ஜெயம்மாளிடம் போய் நின்றார்.

"எங்க வூட்டு அண்டா எதுனா இங்க இருக்குதாம்மா?"

"இன்னாண்ணா, சோதனை போட வந்துகீறியா?"

"இல்லம்மா, சும்மா..."

"குடுத்ததைத் திருப்பிக் கேட்டுகினு தெருத்தெருவா போறியா? காஞ்சனாகிட்டச் சொல்லட்டா?"

வேதாசலம் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தார். அங்கே காஞ்சனா நின்றிருந்தாள். அவர் தலையைப் பார்த்தாள். முந்தானையால் ஒட்டடையைத் துடைத்துவிட்டாள். அந்த அன்பைப் பார்த்து அவர் இன்னும் பயந்துபோனார்.

கிருத்திகைக்கு முதல் நாள் தெருமுனையில் பம்பைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். காவடியோடு பரந்தாமன். அவன் பின்னால் மாமனார், மாமியார், பிள்ளைகள். அதற்கும் பின்னால் அவர் ஜன்மத்தில் பார்த்திராத ஒரு கூட்டம். ஆளுக்கொரு பாய் தலையில். எல்லாம் தெரிந்த பாய். இரண்டு பேர் தூக்கி வந்த அண்டாவில் 'வேதாசலம்' என்று பேர் வெட்டியிருந்தது.

"பாவா!" என்று பரந்தாமன் தழுதழுத்தான். "போன வருசம் எடம் பத்தாம பசங்க தெருவுல படுத்ததைப் பார்த்து உங்களுக்கு மனசு கேக்கலியாமே! எங்களுக்காக வூட்டையே காலி பண்ணிட்டீங்களாமே! அக்கா ஆள் வுட்டு சொல்லிச்சு. அதான் அம்மையார்குப்பத்து சம்பந்தி வூட்டுக்காரங்களயும் இட்டாந்துட்டேன்."

சம்பந்தி வீட்டார் அவரைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கூடம் மைதானமாக இருந்தது. ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே பாயில் மாமனார் கால் நீட்டிப் படுத்துவிட்டார்.

வேதாசலம் அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். காஞ்சனா அவருடைய அண்டாவில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லாதப்பட்டவங்களுக்குக் குடுத்தேன்னியே?"

"ஆங். இங்க வந்தா படுக்க எடம் இல்லாதப்பட்டவங்க. இப்ப இருக்குது."

"கிருத்திகை முடியட்டும்," என்று பல்லைக் கடித்தார். "ரெண்டு கட்டிலு, ஆளுயர பீரோ, பெரிய மேசை! கூடத்துல கால் வெக்க எடமில்லாம வாங்கிப் போடறேன், பாரு!"

காஞ்சனா கரண்டியைக் கீழே வைத்தாள். அவரைக் கனிவோடு பார்த்தாள்.

"வாணாங்க. ஒரு மரமாவது பொழைக்கட்டும்."