ராகு காலத்தில் நகர்ந்த வேன்

ஒரு ஆளை நம்பலாமா கூடாதா என்று கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் நானேதான். இதை இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன். மளிகைக் கடைக்காரரிலிருந்து வீட்டுக்கு வந்த சம்பந்தி வரை, நான் பார்த்துச் சரி என்று சொன்ன ஆள் யாரும் சோடை போனதில்லை. ஆனால் ஒரு வேனுக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதையை யாராவது கிளப்பினால் மட்டும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். (கிளப்புவார்கள். கிளப்பாத காதுகுத்து எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை.)

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் தென்னேரிக்காரன், காஞ்சிபுரத்தில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. மாமனார் ஏகாம்பரம், விவசாயத்தை விட்டுவிட்டுப் பட்டு நூல் வியாபாரத்துக்கு வந்தவர், பிள்ளையார்பாளையத்தில் வீடு. அந்தத் தெருவில் பேண்ட் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரை விரித்துப் பிடித்து உட்காரும் ஒரே மாப்பிள்ளை நான்தான். (தலைப்புகளை மட்டும் படிப்பேன். அது யாருக்கும் தெரியாது.)

மாமனார் ஒரு நாள் மெட்ராஸிலிருந்து ஒரு பழைய வேனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். சரக்கு ஏற்றுவதற்கு என்று நாங்கள் நினைத்தோம். விஷயம் வேறு. மாமியார் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மகாபலிபுரம் அத்தனை பக்கத்தில் இருந்தும் வீடு, பிள்ளைகள், வியாபாரம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. கல்யாணமான புதிதில் "கடல் காட்டறேன்" என்று கொடுத்த வாக்கை மாமனார் ஒரு வழியாகக் காப்பாற்றத் தீர்மானித்துவிட்டார். ஆசாரியைக் கூப்பிட்டு, வேனுக்குள் படுக்கப் பலகை, தண்ணீர்க்குடம் சாயாமல் இருக்க வளையம், ஸ்டவ் வைக்க மேடை எல்லாம் செய்தார். ஜன்னல்களுக்குச் சாயம் ஓடிப்போன பட்டுத் துணியில் திரை. கடற்கரையில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, உள்ளேயே தூங்கி எழுந்து வரலாம். தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"கையில இருந்ததையெல்லாம் இதுல போட்டுட்டேன் மாப்பிள்ளே" என்றார் மாமனார். "இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா திரும்ப எழுந்திருக்க நம்மால ஆவாது. உங்க அத்தைக்கு கடலு அவ்ளோதான். நம்பிக்கையான இன்சூரன்ஸா பார்த்து நீங்கதான் போட்டுக் குடுக்கணும். படிச்சவரு."

"எங்கிட்ட விட்டுடுங்க மாமா" என்றேன். அந்த நேரத்தில் என் குரல் இருந்த கனத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அப்போது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் குறைவே இல்லை. முதலில் மெட்ராஸிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தார். சித்திரை வெயிலில் டை கட்டியிருந்தார். நான் கேள்விகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"திருட்டுப் போனா?"

"கிடைக்கும் சார்."

"உள்ள ஸ்டவ் பத்திக்கிச்சுன்னா?"

"கிடைக்கும் சார்."

"கோயில் யானை வந்து சாய்ஞ்சா?"

"தாராளமா கிடைக்கும் சார்."

கடைசியாகக் கண்ணியை வைத்தேன். "வண்டி பழசாகித் தானா நின்னுட்டா?"

"அதுக்கும் ஏற்பாடு பண்ணிடலாம் சார், கவலையே வேணாம்."

பழசானதற்குப் பணம் கொடுத்தால் அந்தக் கம்பெனி ஆறு மாசத்தில் மூடிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆளிடம் எதையும் ஒப்படைக்கக் கூடாது என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்தவர் சின்ன காஞ்சிபுரத்து வரதன். நெற்றி நிறைய நாமம், ஒல்லியான உடம்பு, சிரிக்கத் தெரியாத முகம். அதே கேள்விகளைக் கேட்டேன்.

"ஸ்டவ் வெச்சிருக்கேள்னு கம்பெனிக்கு முன்னாலேயே எழுதித் தெரியப்படுத்தணும்" என்றார். "தெரியப்படுத்தாம பத்திண்டா காலணா கிடைக்காது. பழசாகி நின்னா அது உங்க தலையெழுத்து. லைசென்ஸ் இல்லாதவா ஓட்டினா கிடைக்காது. குடிச்சுட்டு ஓட்டினாலும் கிடைக்காது."

"அப்ப எதுக்குத்தான் கிடைக்கும்?" என்றார் மாமனார் பரிதாபமாக.

"விபத்து, தீ, திருட்டு. பாலிஸியிலே இருக்கறது கிடைக்கும், இல்லாதது கிடைக்காது. நான் ஒண்ணு சொல்லி கம்பெனி ஒண்ணு சொல்லப்படாது பாருங்கோ."

மாமனாருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "எதைக் கேட்டாலும் இல்லைன்றாரேப்பா" என்று முணுமுணுத்தார். நான் அவரைத் தனியாக அழைத்துப் போய், எதற்காகவும் பொய் சொல்லாத ஆள் இவர்தான், கஷ்டம் என்று வரும்போது இந்த மாதிரி ஆள்தான் நமக்கு வேண்டும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மாமனார் ஒப்புக்கொண்டார். நான் தேர்ந்தெடுத்த ஆள் சரியான ஆள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுகிற நாளாகத் திங்கட்கிழமையைக் குறித்தோம். காலையிலேயே வரதன் வந்து, இன்சூரன்ஸ் சீட்டை எடுத்து, "இந்த நிமிஷத்திலேர்ந்து அமல்னு எழுதிடட்டுமா?" என்றார்.

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை ராகு காலம் காலையிலேயே வந்துவிடும். அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"வேணாம். ராகு காலம் முடிஞ்சதுலேர்ந்து போடுங்க" என்றேன். நம்பிக்கையான இன்சூரன்ஸ் கெட்ட நேரத்தில் தொடங்கலாமா?

"போடறேன். ஆனா எழுதினா எழுதினதுதான். நடுவிலே ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பில்லை."

"வண்டி சும்மா நின்னுகினுதானே இருக்குது. எங்க ஓடிடப் போவுது?"

வரதன் நான் சொன்ன நேரத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமியார் உள்ளேயிருந்து காபி அனுப்பினார். டிரைவர் இன்னும் வரவில்லை. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. புறப்படுமுன் வேனுக்குப் போடும் பூஜைக்கு அது வாசலுக்கு நேராக நின்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நாலடி நகர்த்தினால் போதும், தெருவும் அந்தப் பக்கம் லேசான சரிவு. (லைசென்ஸ் கிடையாது. ஆபீஸ் ஜீப்பில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.) ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன்.

"என்னாங்க, எதிர்ல பாவு போட்டுக்கினு இருக்காங்க, பார்த்து" என்றாள் என் மனைவி கஸ்தூரி வாசலிலிருந்து.

பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் தெரு நெசவாளர்களுக்குத்தான் சொந்தம். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவைச் சரிசெய்வார்கள். சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். அன்றைக்கு நீட்டியிருந்தது அடுத்த வீட்டுக் கன்னியப்பன், ஒரு கல்யாணப் புடவைக்காக.

நாலடி தாண்டியும் வேன் நிற்கவில்லை. நான் பிரேக்கை மிதித்தேன். நான் மிதித்தது கிளட்ச் என்று பிற்பாடு சொன்னார்கள். எதுவாக இருந்தாலும் மிக அழுத்தமாக மிதித்தேன். வேன் திரைகளை அசைத்துக்கொண்டு, உள்ளே குடம் உருள, மெதுவாகப் போய்ப் பாவுக்குள் நுழைந்து, அதை இழுத்துக்கொண்டு, பாவு கட்டியிருந்த கல்தூணில் முட்டி நின்றது. முன்பக்கம் அப்பளமாகி, ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் கொட்டியது.

தெருவே ஓடி வந்தது. என்னிடம் யாரும் வரவில்லை. எல்லோரும் பாவைத்தான் பிடித்தார்கள். கன்னியப்பன் அறுந்த இழைகளை இரண்டு கையிலும் அள்ளிப் பிடித்து, இனி நகராது என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான், "மாப்பிள்ளைக்கு எங்கயாவது பட்டுதா பாருங்கப்பா" என்றார்.

எனக்குப் பட்டிருக்கவில்லை. மாமனாருக்குத்தான் பட்டிருந்தது. வேனின் நசுங்கிய முகத்தைத் தடவிப் பார்த்தார். காபி டம்ளரோடு வெளியே வந்த வரதனிடம் ஓடினேன்.

"சார், அந்த நேரத்தை மட்டும் கொஞ்சம் முன்னால மாத்திடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் வரதன்.

"ஒரு கோடு கிழிச்சா போதும் சார்."

"மாத்தமாட்டேன்னு தெரிஞ்சுதானே என்னைத் தேர்ந்தெடுத்தேள்? லைசென்ஸும் உங்ககிட்ட இல்லை போலிருக்கே. நேரம் சரியா இருந்தாலும் கிடைக்காது."

மாமனார் வரதனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆளை சரியாத்தான் புடிச்சிருக்கீங்க மாப்பிள்ளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று பொழுது சாயும்வரை கன்னியப்பன் வீட்டார் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தார்கள். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். அந்தச் சாம்பல் தட்டைப் பிடித்துக்கொண்டு, பேண்ட் போட்டபடி, தெரு நடுவில் நின்றவன் நான். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வேனைச் சரிசெய்ய வழியில்லாமல் வாலாஜாபாத் மெக்கானிக் ஒருவர் தலையில் கட்டினோம். மாமனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமியாரின் கடலைக் கெடுத்தது நான்தான் என்று நினைக்கிறபோது சோறு இறங்கவில்லை.

ஆகவே அடுத்த மாதச் சம்பளம் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பஸ்ஸில் கிளப்பினேன். செங்கல்பட்டில் பஸ் மாறி, ஸ்டவ்வையும் குடத்தையும் நானே தூக்கிக்கொண்டு, சாயங்காலம் மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தோம். மாமியார் கடலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலத்தில் வரும். "அத்தையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. ராகு காலம் முடிஞ்சு கால் வைக்கட்டும்" என்று கஸ்தூரியிடம் சொன்னேன்.

மாமியார் அதுவரை என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளையிடம் பேசக் கூச்சம். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் சொல்வார். அன்றைக்குத் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அலைகிட்ட சொல்லிட்டீங்களா மாப்பிள்ளே?"

கேட்டுவிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மாமனார் மணலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வேன் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வரதன் அதற்கப்புறம் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஏஜெண்ட் ஆனார். என் தேர்வு அப்படி. ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் காலண்டர் பக்கம் திரும்பினால் போதும், கரண்ட்டுக்காரனிடம் சொல்லியாச்சா, மழையிடம் சொல்லியாச்சா என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். என் மகள் பிறந்த அன்றைக்கும் அப்படித்தான். பிரசவ வார்டு வாசலில் நின்றவன், என்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் அதைக் கவனித்துவிட்டார்.

"உள்ள இருக்கிற குழந்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.