பிலிப்பைன்ஸ்காரரின் இரைச்சலை நான் கழுவிய கதை

1. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் மூன்று கிழமையாக வன்னியில் சத்தம் சேர்த்தார்.
2. சேர்த்ததைச் சின்ன மினிடிஸ்க் தட்டுகளில் என்னிடம் தந்து, கணினியில் ஏற்றிச் சீடியில் பதிந்து தரச் சொன்னார்.
3. ஏற்றினேன்.
4. ஒருவரும் கேளாமலே அதைத் துப்புரவாக்கினேன்.
5. மூலத்தை அழித்தேன்.
6. திறமான வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

இவற்றில் இன்றும் எனக்குக் கூச்சம் தருவது ஆறாவதுதான். மற்றவை பிழைகள். ஆறாவது என் குணம்.

சண்டை நின்று, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதை திறந்திருந்த சமாதான காலம். கிளிநொச்சியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். ஆறு மாதப் படிப்பு, ஒரு சான்றிதழ், அதற்கு மேல் அளவில்லாத மண்டைக்கனம். (சான்றிதழை லாமினேற் செய்து வைத்திருந்தேன். இரண்டு பிரதி.)

அந்தப் பிலிப்பைன்ஸ்காரரின் பெயர் ரமோன். அவருடைய மனைவி ஜேர்மன்காரி. எங்கள் பக்கம் கிணறு திருத்தும் வேலைக்கு வந்திருந்தவர் மனைவிதான். ரமோன் பேர்லினிலிருந்து அவரைப் பார்க்க வந்தவர். மின்னணு இசைக் கலைஞராம். முதல் நாளே தன் வரலாற்றைச் சொன்னார். பதினொரு வருடம் கப்பலிலும் ஹோட்டல் வரவேற்பறைகளிலும் மற்றவர்களுடைய பாட்டுகளைக் கீபோட்டில் வாசித்தவர். இப்போதுதான் பேர்லினில் ஒரு விழா, முதல் தடவையாக அவருடைய சொந்தப் பெயரில் இருபது நிமிடம் கொடுத்திருந்தது.

"அது சரிவந்தால் நான் இசைக்கலைஞன். சரிவராவிட்டால் திரும்பவும் ஹோட்டல்தான். சாப்பிடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி வாசிக்கவேணும்" என்றார்.

அந்த இருபது நிமிடத்துக்கு அவர் எதைப் பதிந்தார்? எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெஷினை. அரிசி ஆலையை. ஒட்டுசுட்டானுக்குப் போகும் பஸ்ஸின் எஞ்சினை. தகரத்தில் விழும் மழையை. மைக்கில் ஒரு பூனைத்தோலைச் சுற்றியதுபோல எதையோ சுற்றி, மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இசை என்றால் ராகம் வேண்டும், தாளம் வேண்டும் என்று நம்பிய எனக்கு இதைப் பார்க்க இரக்கமாக இருந்தது. பாவம், நல்ல கருவி இல்லாததால்தான் இப்படி இரைச்சலோடு பதிகிறார் என்று முடிவுகட்டினேன்.

எங்கள் நிலையத்துக்குக் கலியாண வீட்டுக் கசெட்டுகள்தான் அதிகம் வரும். வன்னியில் அப்போது ஜெனரேற்றர் இல்லாமல் கலியாணம் இல்லை. ஐயர் மந்திரம் சொன்னாலும் 'டுர்ர்ர்', தாலி கட்டினாலும் 'டுர்ர்ர்'. அந்த டுர்ரை நீக்குவதில் நான் கெட்டிக்காரி. இரைச்சலில் ஒரு துண்டைக் கணினிக்குக் காட்டி, 'இதுபோல இருப்பதையெல்லாம் எடு' என்றால் எடுத்துவிடும். குரல் மட்டும் மிஞ்சும். வேலை முடிந்ததும் கசெட்டை அழித்து அடுத்த கலியாணத்துக்கு வைப்போம். கசெட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. இந்த ஒழுங்கை நானே இலக்கமிட்டு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

ரமோனின் பதிவுகளுக்கும் அந்த ஒழுங்குதான் நடந்தது. அவர் புறப்பட இரண்டு நாள் இருக்கையில், சீடியையும் கழுவித் துடைத்த அவருடைய வெறும் மினிடிஸ்க் தட்டுகளையும் ஒரு உறையில் போட்டு நீட்டினேன்.

அவர் காதில் கருவியை மாட்டிக் கேட்டார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"மெஷின் எங்கே?"

"எடுத்துவிட்டேன்."

"மழை?"

"அதையும்."

"பஸ்?"

"முழுக்க" என்றேன், பெருமையோடு.

அவர் வெறும் தட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதிரையில் இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. (சான்றிதழில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.)

"என்னதான் மிச்சம்?" என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

மிச்சம் இருந்தவை குரல்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடங்களிலெல்லாம் சுற்றி நின்ற எங்கள் சனத்தின் கதை. மெஷின் இரைச்சலுக்குள் ஒருவருக்கும் கேட்காது என்று நம்பிச் சொன்ன கதை. என் கைவண்ணத்தால் இப்போது மணிபோலக் கேட்டது.

முதலில் அம்மா: "பெண்சாதி வெயிலுக்குள்ள கிணறு கிணறாத் திரியிறா, உந்த மனிசன் மெஷினுக்குக் காது குடுத்துக்கொண்டு நிக்குது. வேற வேலை இல்லையோ?"

பிறகு மாமா: "அவருக்கு உந்த மெஷினில விருப்பமெண்டால் தூக்கிக்கொண்டு போகட்டும். அது பழுது."

ஆலைக்காரர்: "இண்டைக்கு உமிக்குள்ள மைக்கை வைக்கிறான். நாளைக்குச் சோத்துக்குள்ளயும் வைப்பான்."

பஸ் கொண்டக்டர்: "ஏறுறதெண்டால் ஏறும், இல்லாட்டி எஞ்சினை விடும் ஐசே! கட்டிப்பிடிச்சு அழவோ வந்தனீர்?"

ரமோன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?"

உண்மை சொல்ல அதுதான் நேரம். நான் சொன்னது இது: "அந்த அம்மா, தண்ணீர்தான் எங்கள் உயிர் என்கிறா. அவர், நிலத்தை விட்டுப் போகமாட்டோம் என்கிறார். இவர், அரிசி தெய்வம் என்கிறார். கடைசி ஆள், பாதை திறந்துவிட்டது, எல்லாரும் வாருங்கள் என்கிறார்."

அவருடைய கண் கலங்கியது. "இரைச்சலைவிட இது பெரிது" என்று சொல்லி, என் மொழிபெயர்ப்பை ஒரு வரியும் விடாமல் எழுதிக்கொண்டு பேர்லினுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, சந்தியில் இருந்த தொலைபேசி நிலையத்துக்கு ஜேர்மனியிலிருந்து அம்மாவின் தம்பி, சின்ன மாமா அழைத்தார். கிளிநொச்சி என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு ஐந்தாறு பேரோடு அந்த விழாவுக்குப் போயிருக்கிறார்.

"பிள்ளை, இருட்டுக்குள்ள எல்லாரும் செத்தவீடு மாதிரி இருக்கினம். திடீரெண்டு பெட்டிக்குள்ள இருந்து அக்கா ஏசுறா! என்ர அக்கா! கையில தந்த புத்தகத்தைப் பாத்தால், தண்ணீர் உயிராம். நாங்கள் சிரிச்ச சிரிப்பில பக்கத்தில இருந்த வெள்ளை என்னெண்டு கேட்டான். சொன்னன். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். கடைசியில மண்டபம் முழுக்கச் சிரிப்பு."

"ரமோன்?"

"மேடையில நிண்டவர். பாவம், தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார்."

அடுத்த கிழமை அவருடைய மனைவி மூலம் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. ஒரு வரிதான்: 'உண்மையில் என்ன சொன்னார்கள்?'

இலக்கமிட்டு எழுதினேன். ஒரு வசவையும் விடவில்லை. கடைசியில் மன்னிப்பும் கேட்டேன். பதில் வர ஒரு மாதம் எடுத்தது. அந்த ஒரு மாதமும் நான் ஒருவருடைய சத்தத்தையும் நீக்கவில்லை. கலியாணங்கள் டுர்ர்ரோடே போயின.

பதிலில், இன்னும் மூன்று ஊர்களிலிருந்து அவரைக் கூப்பிட்டிருப்பதாக எழுதியிருந்தார். சிரித்தவர்களில் ஒருவர் அப்படியான விழாக்கள் நடத்துபவராம். ஒரே நிபந்தனை: சரியான மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாராவது மருமகன் வேலைவெட்டி இல்லாமல் இருந்தால், "பேர்லினுக்கு அனுப்புங்கோ, கைதட்டுவினம்" என்பார்கள். அதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது நிலைமை இதுதான். ரமோன் ஹோட்டலில் வாசிப்பதில்லை. நான் வவுனியாவில் கணினி திருத்துகிறேன். எதையும் அழிக்கமுன் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குகிறேன். அம்மாவின் ஏச்சு ஒன்பது நாடுகளில் கேட்டிருக்கிறது. அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை.