கமா மேடம் போட்ட போன்

ஒரு கமாவை எங்கே போடுவது என்று கேட்க, முன்பின் தெரியாதவர் வீட்டுக்கெல்லாம் போன் போட்ட மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இயங்கிய எங்கள் வாரப் பத்திரிகையில் அவர் செய்தி திருத்துபவர். நான் நிருபர். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கே மறந்துபோய், கமா மேடம் என்றே நிலைத்துவிட்டது.

எழுதியதை அவர் எதிரில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். மூச்சுக்கு நிற்கும் இடத்தில் அவர் கமா போடுவார். இதில் மாட்டியவர் எங்கள் விளையாட்டு நிருபர். பீடிக்காரர், நாலு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினார்.

"மொதல்ல பீடிய வுடுப்பா. உன் கபடி மேட்ச்சுல ஆளுங்கள விட கமா ஜாஸ்தியா கீது" என்றார் மேடம்.

நானும் தப்பவில்லை. 'உத்திரமேரூர்-வாலாஜாபாத் சாலை'யில் நான் போட்ட கோடு கொஞ்சம் நீண்டுவிட்டது.

"ஹைபன்றது ரெண்டு ஊர சேத்துப் போடுற முடிச்சு. நீ இன்னா, பாலாத்துப் பாலத்தையே தூக்கியாந்து வெச்சிக்கீற?"

பெயர்கள் வரிசையாக வந்தால் இன்னும் பேஜார். அது ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் கமா போடமாட்டார். ஒரு கல்யாணச் செய்திக்காகப் பெண் வீட்டுக்கே போன் போட்டு, "ஏம்மா, மாப்ள ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்தக் கூத்தில் பக்கங்கள் அச்சகத்துக்கு நேரத்தோடு போனதே இல்லை. முதலாளி ஒருநாள் சொல்லியேவிட்டார்: "இந்த வாரமும் லேட்டாச்சின்னா நீங்க வூட்லயே இருந்துக்குங்கம்மா." மேடத்தின் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

அந்த வாரம் பார்த்து, பக்கம் முடிக்கிற நாளில், திருமுக்கூடல் அருகே நடவுக்குப் போன பெண்களை ஏற்றிய லோடு ஆட்டோ கவிழ்ந்தது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்ற குறிப்போடு, காயம்பட்டவர்களின் பெயர்கள் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தன, ஒரு கமாகூட இல்லாமல் எல்லாம் ஒரே மூச்சாக.

"மேடம், இன்னிக்கி மட்டும் வுட்டுடுங்க" என்று கெஞ்சினேன். அவர் அதற்குள் அந்த ஊர் வார்டு மெம்பரைப் பிடித்து காயம்பட்டவர்கள் வீட்டு நம்பர்களை வாங்கிவிட்டார்.

"ஏம்ப்பா, சாந்தி எஸ்தர்னு போட்டுக்கீது. ஒருத்தரா, ரெண்டு பேரா?"

எதிர்முனையில் ஒரு ஆண் அழும் சத்தம். "ரெண்டு பேரும்மா. எம் பொண்டாட்டி, அவ தங்கச்சி. எந்த ஆஸ்பத்திரிக்கு இட்னு போனாங்கன்னே தெரியாம ரோட்ல நின்னுக்கினு கீறேன். உசுரோட கீறாங்களா?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கீறாங்க நைனா. யாருக்கும் உசுருக்கு ஒண்ணுமில்ல. அழுவாத, கெளம்பு."

உடனே அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. அங்கேயும் யாருக்கும் விவரம் தெரிந்திருக்கவில்லை. பக்கம் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது. அச்சகத்திலிருந்து வந்த அழைப்பை யாரும் எடுக்கவில்லை. முதலாளி கோபமாகப் படியேறி வந்தார்.

மேடம் தலை நிமிரவில்லை. "நாளைலேர்ந்து வரல சார். இன்னும் நாலு வூட்டுக்குச் சொல்லணும், சொல்லிட்டுப் போயிடறேன்."

விஷயத்தை நான்தான் முதலாளிக்குச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் போனை எடுத்தார்.

"ரெண்டு நம்பர எங்கிட்ட குடும்மா. இன்னான்னு கேக்கணும்?"

"மொதல்ல நல்லா கீறாங்கன்னு சொல்லுங்க சார். கமாவ அப்பறம் கேட்டுக்கலாம்."

அந்த வாரப் பத்திரிகை ஒரு நாள் தாமதமாக வந்தது. விபத்துக்கு மறுநாள் காலை, மேடம் வருவாரா மாட்டாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.