கடையில் வாங்கிய சட்டை

தையற்காரியால் மிஷினில் உட்கார முடியவில்லை. சொல்ல முடியாத இடத்தில் அரிப்பு. திரிந்த பால் போல வெள்ளை வேறு. ஒரு வாரமாகக் கணவனைக் கிட்டே வரவிடவில்லை; காரணமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

"இது தானா வராதுடி. ஆம்பள எங்கயாவது போய் வாங்கிட்டு வர்றது."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள மாடியெல்லாம் ஏறி இறங்குபவன். எந்த மாடி என்று யோசித்தாள்.

அன்று மாலை அவன் கடையில் வாங்கிய சட்டையோடு வந்தான். தையற்காரியின் புருஷன்!

"நான் தெச்சதுக்கு என்ன கேடு?"

"சும்மாதான்."

தலைக்குச் சாயமும் அடித்திருந்தான்.

கிருமிநாசினி கலந்து கழுவிப் பார்த்தாள். எரிந்தது. அக்கா தன் படர்தாமரைக் களிம்பைக் கொடுத்தாள். இன்னும் எரிந்தது. எரிய எரிய, அந்த மாடிக்காரி அழகாகிக்கொண்டே போனாள். மனதுக்குள் அவளுக்கு ஜாக்கெட் அளவுகூட எடுத்தாயிற்று. இடுப்பு மிகச் சிறியது.

அவன் வேலை நேரத்தில் வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

"என்ன, அங்க லிஃப்ட் ஓடலையா?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"ஏன் அங்க படுக்கற?"

"உங்க மனசாட்சியக் கேளுங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. அதுவே சாட்சி.

மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இதை யார் குடுத்ததுன்னு எழுதிக் குடுங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா பரிசோதித்தாள். சிரித்தாள்.

"யாரும் குடுக்கலம்மா. இது ஈஸ்ட். உடம்புலயே இருக்கறது. சமீபத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டியா?"

"பல் வலிக்கு."

"அதான். நல்ல கிருமியும் செத்தா இது தலைதூக்கும். உள்ள வைக்கிற மாத்திரை தர்றேன், சரியாயிடும்."

"அக்காவோட களிம்பு?"

"தூக்கிப் போடு. கழுவ வெறும் தண்ணி போதும். எல்லா அரிப்பும் ஈஸ்ட் கிடையாது, அதனால முதல் தடவையே வந்து காட்டணும். மறுபடி மறுபடி வந்தாலும் வா. காய்ச்சல், அடிவயித்து வலி, கெட்ட வாடைன்னா அன்னிக்கே வா."

தையற்காரிக்குக் கண் நிறைந்தது. பாவம், அப்பாவி மனுஷன். மனதில் ஒன்றுமே இல்லாதவன். இவள்தான் பாவி.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இவங்க வீட்டுக்காரர் வெளியில அழறாரு. 'அவ மனசுல இருக்கற அந்த ஆள் யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க'ங்கறாரு."