ஊதிப்போன எரிவாயுப் பை

மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தவனை வீட்டுக்குள் விடக் கூடாது. நான் போனது சாண எரிவாயுப் பயிற்சிக்கு. வந்த மறுவாரமே குத்துக்கல்வலசையில் என் அக்கா வீட்டுப் பின்புறத்தில் ஒரு பெரிய ரப்பர் பையைப் பதித்துவிட்டேன்.

அக்கா வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன மெஸ் நடத்தினாள். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால், அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு இட்லி, பொங்கல். தொழுவத்தில் இரண்டு பசுக்கள் நின்றன. சாணத்தைத் தண்ணீரில் கரைத்துப் பையில் ஊற்றினால் உள்ளே புளித்து வாயு உண்டாகும். குழாய் வழியே அடுப்புக்குப் போகும். ஒரு மாதம் நீலமாக, அருமையாக எரிந்தது. (தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன்.) அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சீசனில் மிச்சச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மெஸ்ஸில் மிஞ்சியது போதாதென்று, அக்கம்பக்கத்துக் கடைகளின் பழைய பரோட்டா, சால்னா, எண்ணெய்ச் சட்டி வழித்தது எல்லாவற்றையும் வாளி வாளியாகப் பைக்குள் கொட்டினேன். கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று வகுப்பில் சொன்னது நினைவில் இருந்தது. அவர்களுக்கு நம்ம ஊர் சீசனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அத்தான் ஒருநாள் பையைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏலே, மாட்டுக்கு இப்படிச் சோத்தப் போட்டா வயிறு ஊதிச் செத்துரும். இது தாங்குமாலே?"

"போடப் போட கேஸ் வரும் அத்தான். பாருங்க, எப்படி உப்பியிருக்கு."

உப்பித்தான் இருந்தது. அந்தப் பெருமையில் அக்காவின் இரண்டு சிலிண்டர்களையும் நண்பனின் டீக்கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு போலீஸ்காரர் குடும்பம், உறவுக்காரர்கள் அறுபது பேரோடு அருவிக்கு வந்தது. காலைச் சாப்பாடு அக்காவிடம். அது எல்லாருக்கும் பிடித்துவிட்டால், மகள் கல்யாணச் சமையலையே அவளிடம் தருவதாகப் பேச்சு. கல்யாணத்துக்குச் சமைக்க வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை.

காலையில் இட்லித் தட்டில் மாவை ஊற்றிவிட்டு அடுப்பைத் திறந்தாள். தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. பாதித் தீப்பெட்டி காலியான பிறகும் அழுகல் நாற்றம் வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. பையோ அப்போதும் உப்பிக்கொண்டுதான் இருந்தது. நான் அளவில்லாமல் கொட்டியதில் பைக்கு அஜீரணமாகி, எரியாத வாயுவாக உண்டாகியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

விறகைத் தேடினோம். ஒரு வாரச் சாரலில் ஊறிப்போய்க் கிடந்தது. டீக்கடைக்கு ஓடினேன். ஒரு சிலிண்டர் காலி; இன்னொன்றில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. நண்பனிடம் கெஞ்சி அதைக் கழற்றிக் கொண்டுவந்தபோது, வாசலில் வேன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. போலீஸ்காரரின் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. பிள்ளையளுக்குப் பசி தாங்கல. நாங்க டவுன்ல பாத்துக்கிடுதோம்."

கல்யாணச் சமையல் வேறு யாருக்கோ போயிற்று. அக்கா மிஞ்சிய மாவில் மூன்று நாள் எங்களுக்கே இட்லி அவித்துப் போட்டாள். அந்த இட்லி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. (ஆனாலும் வேளைக்கு ஆறு சாப்பிட்டேன் என்று அத்தான் இன்றைக்கும் சொல்லுவார்.)

பையைக் கழுவி, புதுச் சாணம் விட்டு, அக்கா இன்றும் அதில்தான் சமைக்கிறாள். வாளியை மட்டும் என் கையில் தருவதில்லை. குடும்ப விசேஷம் எதுவானாலும் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டுத் தீப்பெட்டியை நீட்டுவாள்.

"முதல்ல நீ பத்த வைலே. எரிஞ்சா அரிசி களையுதேன்."

வீடே சிரிக்கும். போன மாதம் என் மகளுக்குக் காது குத்தியபோதும் சிரித்தார்கள். ஒரே குச்சியில் அடுப்பு நீலமாகப் பிடித்தது. அக்கா உலைப்பானையைத் தூக்கி வைத்தாள்.

"அந்த வாசுதேவநல்லூர்ப் பொண்ணுக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்திருக்காம்லே" என்றாள். அரிசியைக் களைய ஆரம்பித்தாள். "அவ கல்யாணத்துல சாம்பார் நல்லாவே இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.